கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றும் குச்சி: ஒரு விமர்சனக் குறிப்பு

பழைய விஎச்எஸ் கேசட்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் கன்வெர்ட்டர்களுக்கு இணையத்தில் விமர்சனப் பஞ்சமே இல்லை. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். பெட்டியைப் பிரிப்பார்கள், மஞ்சள் சிவப்பு வெள்ளை வயர்களைச் செருகுவார்கள், ஒரு கேசட்டை ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவார்கள், "இந்த விலைக்கு ஓகே" என்று முடிப்பார்கள். எட்டு மாதமாக இதே வேலையாகக் கிடந்தவன் என்பதால் சொல்கிறேன், அந்த ஐந்து நிமிடத்தில் எந்தக் கன்வெர்ட்டரும் மோசமாகத் தெரியாது. நல்லா இருக்கிற நாடாவை எது வேணா பதியும். நாடா கெட்டுப்போன இடத்தில் அது என்ன செய்கிறது, செய்ததை நம்மிடம் சொல்கிறதா இல்லையா என்பதில்தான் அதன் யோக்கியதை தெரியும். அதை யாரும் சோதித்துக் காட்டி நான் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுக் கேசட்டைச் சொன்னால் இது புரியும். 1992-ல் கும்பகோணத்தில் நடந்த என் அத்தையின் கல்யாணம். ஈ-180 கேசட், அதாவது மூன்று மணி நேரம். அந்தக் காலத்துக் கல்யாண வீடியோ எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளையும் பொண்ணும், தாமரை விரிந்து அதற்குள் பெயர்கள், முக்கால்வாசி நேரம் ஸ்டுடியோக்காரர் மேலே ஒட்டிய சினிமாப் பாட்டு. மனுஷர்கள் பேசுவது, பாட்டு ஓய்ந்த இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும். தாத்தா அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் போய்விட்டார். போட்டோ நிறைய இருக்கிறது. குரல் இந்தக் கேசட்டில் மட்டும்தான், அதுவும் ஒரே ஓர் இடத்தில்.

மூன்று வருஷம் முன்பு அத்தை கேசட்டை ஒரு கடையில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றி வாங்கினார். "இனிமே கேசட் எதுக்கும்மா, ஃபங்கஸ்தான் புடிக்கும், தூக்கிப் போட்டுடுங்க" என்றாராம் கடைக்காரர். நல்லவேளை, அத்தை போடவில்லை. போன தீபாவளிக்கு எல்லோரும் உட்கார்ந்து அந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தை திடீரென்று, "இந்த இடத்துல அப்பா ஏதோ சொல்வாரேடா" என்றார். திரும்ப ஓட்டினோம். தாத்தா மேடையில் ஏறுகிறார், அடுத்த நொடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "முப்பது வருஷம் ஆச்சு அத்தை, நீங்க வேற எதையோ நெனச்சிக்கிட்டுச் சொல்றீங்க" என்றேன். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த கேசட்ட எத்தன தடவ பாத்திருக்கேன்னு உனக்குத் தெரியுமா? அந்த இடத்துல படம் கோடு கோடா வரும். ஆனா சத்தம் கேக்கும்."

கடைசி வாக்கியத்தில்தான் எல்லா விடையும் இருந்தது. அது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது.

முதலில் கடைக்காரர் கொடுத்த ஃபைலைப் பார்ப்போம். 640 × 480 என்று இருந்தது. நம்ம ஊர் டிவி பால் முறை (கறக்கிற பால் இல்லை). மொத்தம் 625 கோடுகள், படம் வருவது 576, நொடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு ஃபீல்டு, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு ஃபீல்டு என்று பிரிந்து வரும், ஆக நொடிக்கு 50 ஃபீல்டு. 480 என்பது அமெரிக்காவும் ஜப்பானும் வைத்திருந்த என்டிஎஸ்சி கணக்கு. 576 கோட்டை 480-க்குள் அமுக்கி, போதாக்குறைக்கு இரண்டு ஃபீல்டையும் குழைத்து ஒரே படமாக்கியிருந்தார்கள். நாதஸ்வரக்காரருக்குப் பத்து விரலுக்குப் பதில் இருபது விரல் தெரிந்தது. நொடிக்கு ஐம்பது முறை பதிவான அசைவு பாதியாகி, அதுவும் பேய்ப்படம் மாதிரி.

இருந்தாலும் இது கண்ணுக்குத் தெரிகிற தப்பு. பார்த்தவுடனே "சரியில்லையே" என்று சொல்லிவிடலாம். காணாமல்போன நொடிகள் அப்படி இல்லை. வெட்டிய தடமே இல்லாமல் ஃபைல் சரளமாக ஓடியது. அத்தை இல்லாவிட்டால் எங்களில் யாருக்கும் அது தெரிந்திருக்காது.

நானே ஏற்றிப் பார்க்கலாம் என்று ஒரு யூஎஸ்பி குச்சி வாங்கினேன். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற வகை. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் எச்டி என்று போட்டிருந்தது. விஎச்எஸ் நாடாவில் குறுக்குவாட்டில் சுமார் 240 கோடு அளவுக்கு நுணுக்கம் இருந்தாலே அதிகம். வண்ணம் அதைவிடப் பல மடங்கு மங்கல். கூரைப்புடவையின் சிவப்பு பக்கத்து வேஷ்டி மேல் வழிந்து நிற்பது அதனால்தான், உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. இதில் எச்டி எங்கிருந்து வரும்?

ஆனால் குச்சியின் உள்ளே இருப்பதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு சிப் டெக்கிலிருந்து வரும் சிக்னலை எண்ணாக மாற்றுகிறது, இன்னொன்று அதை யூஎஸ்பி வழியாக அனுப்புகிறது. அவ்வளவுதான். 720 × 576 படம், ஒரு புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 25 ஃபிரேம் என்று பெருக்கினால் நொடிக்குச் சுமார் 21 எம்பி, மணிக்கு 75 ஜிபி. யூஎஸ்பி 2.0 இதைத் தாங்கும். அதாவது குச்சி எதையும் நசுக்காமல் முழுசாகவே கம்ப்யூட்டருக்குத் தந்துவிட முடியும். நசுக்குவது அதனோடு சிடியில் வருகிற சாஃப்ட்வேர். கேட்காமலே எம்பெக் ஆக்கும், கேட்காமலே என்டிஎஸ்சி என்று வைத்துக்கொள்ளும், படம் கறுப்பு வெள்ளையில் உருண்டால் "கேசட் கெட்டுப்போச்சு" என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். கடைக்காரரின் 480-க்கும் இப்படி ஏதாவது ஒன்றுதான் காரணமாக இருந்திருக்கும்.

சரி, தாத்தா ஏறுகிற இடத்துக்கு வருவோம்.

முதல் தடவை ஓட்டியபோது அந்த இடத்தில் திரை அழகான நீலமாக மாறியது. சத்தமும் நின்றது. ஐந்து நொடி. பிறகு தாத்தா நாற்காலியில். கன்வெர்ட்டரைத் திட்டிக்கொண்டே ஒரு வாரம் கழித்தேன். தப்பு கன்வெர்ட்டருடையது இல்லை, டெக்குடையது. பிற்காலத்து டெக்குகளில் புளூ பேக் என்று ஒரு வசதி உண்டு. சிக்னல் மோசமாக இருந்தால் கோடும் பொரியுமாகக் காட்டி நம்மைப் பயமுறுத்தாமல், நீலத்தைக் காட்டிவிட்டு ஆடியோவையும் மூடிவிடும். காலி கேசட் போட்டால் இரைச்சல் வரக்கூடாது என்பதற்காகச் செய்த மரியாதை அது. கேசட்டை ஏற்றுகிற வேலையில் அந்த மரியாதை நமக்கு வேண்டாம். மெனுவில் தேடி அணைத்தேன்.

இரண்டாம் தடவை நீலம் வரவில்லை. ஆனால் ஃபைலில் அந்த ஐந்து நொடியே இல்லை. கடைக்காரர் ஃபைலில் இருந்த அதே குதிப்பு. அப்போதுதான் கூட வந்த சாஃப்ட்வேரைத் தூக்கிப் போட்டுவிட்டு வர்ச்சுவல்டப்பில் ஓட்டினேன். அவெரி லீ என்பவர் எழுதிய இலவச மென்பொருள், 2013-க்குப் பிறகு அவர் புதுப் பதிப்பு விடவில்லை. பார்க்க ஆபீஸ் ரிஜிஸ்டர் மாதிரி இருக்கும், ஆனால் ஓரத்தில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்: இத்தனை ஃபிரேம் வந்தது, இத்தனை விட்டுப்போனது. தாத்தா ஏறுகிற இடத்தில் விட்டுப்போன கணக்கு பூஜ்யத்திலிருந்து 131-க்குப் போனது. நொடிக்கு 25 என்றால் ஐந்து நொடிக்குச் சற்று மேல். தொலைந்தது தொலைந்துவிட்டது என்றாவது ஒரு மென்பொருள் ஒப்புக்கொண்டதே என்று இருந்தது.

ஏன் தொலைகிறது என்பதற்கு நாடாவைத் திறந்து பார்த்தேன். கேசட்டின் முன் மூடியைத் தூக்கி, அந்த இடம் வரும்வரை கையால் சுற்றினேன். எப்போதோ ஒரு டெக்கில் சிக்கி, நடுவிலும் கீழ் ஓரத்திலும் மடிந்து கசங்கியிருந்தது. நீளம் ஒரு சாண்கூட இல்லை. பால் விஎச்எஸ் நாடா நொடிக்கு 2.34 செ.மீ. நகர்கிறது, ஐந்து நொடிக்குச் சுமார் 12 செ.மீ.

விஎச்எஸ் நாடாவில் எது எங்கே இருக்கிறது என்பது இங்கே முக்கியம். படம் நாடாவின் குறுக்கே சாய்வான கோடுகளாக, சுழலும் ஹெட் எழுதியது. கீழ் ஓரத்தில் கன்ட்ரோல் டிராக், டெக் தன் வேகத்தைச் சரிபார்த்துக்கொள்வதற்கு. சாதா ஆடியோ மேல் ஓரத்தில், நீளவாக்கில், சுழலாத தனி ஹெட் எழுதியது. ஆக நடுவிலும் கீழேயும் கசங்கினால் படம் போகும், வேகம் தடுமாறும். மேல் ஓரத்துச் சத்தத்துக்கு ஒன்றும் ஆகாது. "கோடு கோடா வரும், ஆனா சத்தம் கேக்கும்." அத்தை சொன்னது அப்படியே நாடாவில் எழுதியிருந்தது.

அந்தக் காலத்து பிக்சர் டியூப் டிவி படம் கிழிந்தாலும், உருண்டாலும், வருவதை அப்படியே காட்டும். ஆடியோ அதன் பாட்டுக்கு ஸ்பீக்கரில் வரும். ஒன்று கெட்டதற்காக இன்னொன்றை நிறுத்துகிற புத்தி அதற்குக் கிடையாது. கன்வெர்ட்டருக்கோ ஒவ்வொரு ஃபிரேமும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சிங்க் துடிப்பு வேண்டும். அது குலைந்தால் குச்சிக்கு ஃபிரேம் கிடையாது. ஃபிரேம் இல்லையென்றால் சாஃப்ட்வேர் அந்த நேரத்தையே இல்லாததாக்கி, ஆடியோவையும் வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டிவிடுகிறது. படம் இல்லாத இடத்தில் சத்தமும் வேண்டாம் என்று அதுவே முடிவு செய்கிறது. இந்த வகைக் கருவிகள் மேல் எனக்கு உள்ள முதல் குற்றச்சாட்டு இதுதான். படத் தரம் இரண்டாம்பட்சம். மங்கலான படத்தோடு வாழ்ந்துவிடலாம். தூக்கியெறிந்துவிட்டு வாயே திறக்காமல் இருப்பதை எப்படி மன்னிப்பது?

இரண்டு மாற்று வழிகளையும் பார்த்தேன். ஒன்று, ஏவி-யிலிருந்து எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டி, அதன் பின்னால் எச்டிஎம்ஐ கேப்ச்சர். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபீல்டுகளை அதுவே குழைத்து, 4:3 படத்தை 16:9-க்கு இழுத்து, 720-ஆகவோ 1080-ஆகவோ ஊதிவிடும். கல்யாணத்தில் எல்லோரும் சாப்பாட்டுக்கு முன்னாடியே குண்டாகிவிட்டார்கள். வேண்டாம்.

இன்னொன்று, 2000-களின் ஃபயர்வயர் பெட்டிகள். கனோபஸ் ஏடிவிசி-110 போன்றவை. இவற்றை நான் மதிக்கிறேன். எல்லா வேலையும் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடும், கம்ப்யூட்டர் வெறும் நகல் எடுக்கிற குமாஸ்தா. படமும் ஒலியும் ஒரே கடிகாரத்தில் பூட்டி வருவதால், மூன்று மணி நேரக் கடைசியில் மேளம் அடித்தபின் சத்தம் வருகிற தொல்லை இல்லை. யூஎஸ்பி குச்சிகளில் படத்துக்கு ஒரு கடிகாரம், ஒலிக்கு ஒரு கடிகாரம் என்பதால் இந்த விலகல் சாதாரணம். மினிடிவி கேமராக்கள் பதிந்த அதே முறைதான், நொடிக்கு 25 மெகாபிட், மணிக்கு 13 ஜிபி. வண்ணத்தைக் குறைத்துப் பதிகிறது என்று சிலர் இதை ஒதுக்குவார்கள். விஎச்எஸ்ஸில் இருக்கிற வண்ணத்துக்கு இது பெரிய நஷ்டம் என்று எனக்குத் தோன்றவில்லை. உண்மையான சிக்கல் ஃபயர்வயர்தான். அந்தத் துளை உள்ள கம்ப்யூட்டரை இன்று தேடிப் பிடிக்க வேண்டும். நண்பர் ஒருவரின் பழைய லேப்டாப்பை இரண்டு வாரம் கடன் வாங்கி, நல்ல நிலையில் இருந்த மற்றக் கேசட்டுகளையெல்லாம் இப்படித்தான் முடித்தேன். கசங்கிய கேசட்டை மட்டும் இதில் போடவில்லை. ஒவ்வொரு ஓட்டமும் அந்த மடிப்பை இன்னும் கொஞ்சம் தேய்க்கிறது என்ற பயம். டெக்கின் ஹெட் ஓய்ந்துபோனாலும் புதுசு வாங்க வழியில்லை. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஃபூனாய் நிறுவனமும் 2016-ல் நிறுத்திவிட்டது.

கடைசியில் கைகொடுத்தது எந்தக் கன்வெர்ட்டரும் இல்லை, ஒரு பழைய டிவிடி ரெக்கார்டர். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து பரணில் கிடந்தது. இந்தத் தந்திரம் நான் கண்டுபிடித்ததில்லை. கேசட் ஏற்றுகிற ஆர்வலர்கள் பானாசோனிக்கின் ஈஎஸ்10, ஈஎஸ்15 ரெக்கார்டர்களைப் பல வருஷமாக இதற்கென்றே தேடி வாங்குகிறார்கள். அதில் டிவிடி எதுவும் பதிவதில்லை. டெக்கின் வெளியீட்டை அதற்குள் விட்டு, அதன் வெளியீட்டைக் குச்சிக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே வருவது எவ்வளவு ஆடினாலும் அது ஒவ்வொரு கோட்டையும் பிடித்து நிறுத்தி, தன் சொந்த சிங்க்கோடு வெளியே அனுப்பும். முக்கியமான விஷயம், உள்ளே படம் கிழிந்து வந்தாலும் வெளியே ஃபிரேம் நிற்காது. குப்பையான ஃபிரேமாக இருந்தாலும் ஃபிரேம் வரும். குச்சிக்கு அது போதும்.

ஆடியோவை மட்டும் ரெக்கார்டர் வழியே விடவில்லை, அது வேறு ஏதாவது மரியாதை காட்டிவிட்டால்? டெக்கிலிருந்து நேராகக் குச்சிக்கு ஒரு வயர், இன்னொரு கம்ப்யூட்டரின் லைன்-இன்னுக்கு ஒரு வயர். அங்கே ஆடாசிட்டியில் ஒலி தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஹெட்டைத் துடைத்தேன். பஞ்சுக்குச்சி வேண்டாம், நூல் சிக்கி ஹெட்டை உடைத்துவிடும், மெல்லிய தோல்துணிதான். கேசட்டை ஒரு முறை கடைசிவரை சுற்றித் திருப்பினேன்.

விட்டுப்போன ஃபிரேம்: 0. அதே ஆயிரம் ரூபாய்க் குச்சி.

ஆகவே வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து இது. கன்வெர்ட்டரில் ரொம்பப் பணம் போடாதீர்கள். முதலில் ஹெட் தேயாத ஒரு நல்ல டெக், எஸ்-வீடியோ வெளியீடு இருந்தால் இன்னும் நல்லது. அடுத்து, சிக்னலைப் பிடித்து நிறுத்த நடுவில் ஒன்று. குச்சி கடைசி. ஆனால் எந்தக் குச்சி வாங்கினாலும், விட்டுப்போனதை எண்ணிச் சொல்கிற மென்பொருளில் ஓட்டுங்கள். சொல்லாத மென்பொருளை, படம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், நம்ப வேண்டாம். பிரைட்னஸையும் ஒரு முறை பாருங்கள். ஹாலஜன் வெளிச்சத்தில் எடுத்த கல்யாணத்தில் வேஷ்டியெல்லாம் ஏற்கெனவே வெளுத்துத்தான் இருக்கும். குச்சியின் ஃபேக்டரி அளவில் அதன் மடிப்புகள் மொத்தமாக அழிந்துவிடும். கொஞ்சம் இறக்கிப் பதிந்தால் சட்டைக்கும் துண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறது.

மூலத்தை எஃப்எஃப்வி1 கோடெக்கில் வைத்திருக்கிறேன். எதையும் இழக்காத, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்கிற முறை, 2021-ல் ஆர்எஃப்சி 9043 என்று ஆவணமாகவே வந்துவிட்டது. ஃபீல்டுகளைக் குழைக்கவில்லை, 576 கோடும் அப்படியே. வீட்டார் பார்ப்பதற்குத் தனியாக நொடிக்கு 50 ஃபிரேம் எம்பி4. நாதஸ்வரக்காரருக்கு மறுபடி பத்து விரல்தான். கேசட்டை வீசவில்லை. டெக்கின் ஹெட்டிலிருந்து வரும் மூல அலையையே நேரடியாகப் பிடித்து மென்பொருளில் பிரிக்கிற விஎச்எஸ்-டிகோட் என்றொரு திட்டம் நடந்துவருகிறது. டெக்கைத் திறந்து சால்டர் வைக்கிற துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை. வருகிற அன்றைக்கு நாடா இருக்க வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிற்கவைத்து மூடியாயிற்று.

அந்த ஐந்து நொடி? படம் ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறத்தில் கோடுகள், நடுவில் ஒரு சிவப்புத் திட்டு, அது மணப்பெண்ணாக இருக்கலாம். சத்தம் லேசாக இழுபடுகிறது. ஆடியோ கேசட்டின் பாதி வேகத்தில் நகரும் நாடா என்பதால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. ஆனால் சொல் தெளிவாகக் கேட்கிறது: "போதும்ப்பா, லைட்ட அந்தப் பக்கம் திருப்பு. கண்ணு கூசுது."

அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். நாலு தடவை கேட்டார். அவர் வீட்டுக்குக் கொடுக்கிற எம்பி4-ல் அந்தக் கோடுகளுக்குப் பதிலாகத் தாத்தா போட்டோ ஒன்றை வைத்து, மேலே குரலை ஓடவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்டா, கோடு இருக்கட்டும்" என்றார்.